பலகையில் 6/6 வந்தால் போதாது: இருட்டில் தெரிகிறதா என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து சில வாரங்களில் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கண் பரிசோதனை முகாம்கள் ஆரம்பித்துவிடும். பிள்ளையை 6 மீட்டர் தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் மாட்டிய பலகையைப் படிக்கச் சொல்வார்கள். கீழ்வரி வரை படித்துவிட்டால் 6/6. பார்வையில் குறை இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கண்ணாடி கொடுக்க இதைவிடச் சிக்கனமான நல்ல வழி கிடையாது. அந்த வேலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் பலகை சோதிப்பது விழித்திரையின் நடுவே உள்ள ஒரு துளி இடத்தை மட்டும்தான். சுற்றியுள்ள விழித்திரை பெரும்பாலும் பழுதாகிப் போயிருந்தாலும் 6/6 வரும். இது பெற்றோரில் பலருக்கும் ஆசிரியர்களில் பலருக்கும் தெரியாது. அதனால் சில பிள்ளைகள் பத்து வருடம் கழித்துத்தான் கண் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள்.

விழித்திரையில் பார்வைக்கான செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 45 முதல் 60 லட்சம். குச்சி செல்கள் 9 கோடியிலிருந்து 12 கோடி வரை. பகல் வெளிச்சம், நிறம், நுணுக்கமான எழுத்து எல்லாம் கூம்புகளின் பொறுப்பு. அவை நெருக்கியடித்து இருப்பது விழித்திரையின் நடுக்குழியில். நாம் ஓர் எழுத்தை உற்றுப் பார்க்கும்போது பிம்பம் விழுவதும் அங்கேதான். அந்தக் குழியின் மையத்தில் சுமார் 0.35 மி.மீ. அகலத்துக்கு ஒரு குச்சி செல் கூடக் கிடையாது. குச்சிகள் மிக அடர்த்தியாக இருப்பது நடுவிலிருந்து 20 டிகிரி அளவு தள்ளி, ஒரு வளையமாக. தேவனாம்பட்டினம் கடற்கரையில் விளக்குகளுக்கு முதுகைக் காட்டிக் கால் மணி நேரம் நின்ற பிறகு, மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேருக்கு நேர் பார்த்தால் அது மறையும். பார்வையைச் சற்றுப் பக்கத்தில் வைத்தால் திரும்பத் தெரியும். நேரே பார்க்கும்போது குச்சிகளே இல்லாத இடத்தில் அதன் ஒளி விழுகிறது, அவ்வளவுதான்.

இந்தக் குச்சி செல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கே பழுதாகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

குச்சியின் வெளிப்புறப் பாகத்தில் நாணயங்களை அடுக்கியது போல ஏறக்குறைய 1000 மெல்லிய தட்டுகள் இருக்கின்றன. அந்தத் தட்டுகளில் ரோடாப்சின் என்ற நிறமி, ஒரு செல்லுக்குச் சுமார் 10 கோடி மூலக்கூறுகள். ரோடாப்சின் என்பது ஆப்சின் என்ற புரதமும் அதற்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறும் சேர்ந்தது. ரெட்டினால் வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது. இருட்டில் அது வளைந்த வடிவில் இருக்கும். ஒரே ஓர் ஒளித்துகள் பட்டால் போதும், நிமிர்ந்துவிடும். அதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியை ஐந்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அது நிமிர்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. மாறிய புரதம் டிரான்ஸ்டியூசின் என்ற இன்னொரு புரதத்தின் மூலக்கூறுகளைப் பல பத்துக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பிவிடுகிறது. அவை ஒரு நொதியை எழுப்ப, அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளைச் சிதைக்கிறது. செல்லின் சுவரில் சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே வரும் வழிகளைத் திறந்து வைத்திருப்பது அந்த வேதிப்பொருள்தான். அது குறைந்ததும் வழிகள் மூடிக்கொள்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட் அளவிலிருந்து மைனஸ் 70 வரை இறங்குகிறது.

கேட்பவர்கள் இங்கேதான் வியப்பார்கள். உடலின் பெரும்பாலான உணர்வு செல்கள் தூண்டல் வந்தால்தான் செய்தியை அனுப்பும். குச்சியும் கூம்பும் நேர்மாறு. இருட்டில் அவை குளூட்டமேட் என்ற செய்திப்பொருளை ஓயாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் அந்த வெளியீடு குறையும். அந்தக் குறைவைத்தான் அடுத்த நரம்பு செல் ‘வெளிச்சம்’ என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது நாம் கும்மிருட்டில் படுத்திருக்கும் நேரத்தில்தான் குச்சிகளுக்கு உழைப்பு அதிகம், ஆக்சிஜன் தேவையும் அதிகம். சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லும்போது இது மறுபடி வரும்.

நிமிர்ந்துபோன ரெட்டினால் அப்படியே திரும்பப் பயன்படாது. அது செல்லை விட்டு வெளியேறி, விழித்திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆர்பிஇ65 என்ற நொதி அதை மீண்டும் வளைத்துக் கொடுக்கும். பிறகு குச்சிக்குத் திரும்பி ஆப்சினில் அமர வேண்டும். உச்சி வெயிலில் இருந்துவிட்டு நல்ல இருட்டறைக்குள் போனால் இந்தச் சுற்று முழுதாக முடிந்து பார்வை கூர்மையாக 30 முதல் 40 நிமிடம் ஆகிறது. முதல் ஐந்து பத்து நிமிடத்தில் கிடைக்கும் பார்வை கூம்புகளுடையது. அதற்கு மேல் மெல்ல மெல்லக் கூடுவது குச்சிகளுடையது. அதே நிறமிப் படலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. குச்சியின் நுனியில் தேய்ந்த தட்டுகளைத் தினமும் காலையில் விழுங்கிச் சுத்தம் செய்வதும் அதுதான். அடியில் புதுத் தட்டுகள் உருவாகிக்கொண்டே இருப்பதால், ஏறக்குறைய பத்து நாளில் குச்சியின் வெளிப்பாகம் முழுவதும் புதிதாகிவிடுகிறது.

ஆக, இருட்டில் கண் தெரியவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போயிற்று என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘மாலைக்கண்’ என்று ஒரே பெயர் வைத்து, முருங்கைக்கீரை சாப்பிடு, மாத்திரை வாங்கிப் போடு என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சிலருக்கு அது சரியான மருந்து. வேறு சிலருக்கு அது வீண்போகும் காலம்.

வைட்டமின் ஏ குறைந்தால் ரெட்டினால் இல்லை. ரெட்டினால் இல்லையென்றால் ஆப்சின் வெறும் புரதமாக நிற்கும், ஒளியைப் பிடிக்காது. ஈரல் பல மாதத் தேவைக்கு வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கும். எனவே குறைபாட்டால் இருட்டுப் பார்வை போய்விட்டது என்றால் இருப்பும் தீர்ந்துவிட்டது என்று பொருள். கூடவே வெள்ளை விழியில், காதுப் பக்கமாக, நுரை ஒட்டியது போல வறண்ட முக்கோணத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். துடைத்தால் போகும், மறுபடி சேரும். அதற்கடுத்த நிலையில் கருவிழி வறண்டு, மிருதுவாகி, குழைந்து போகலாம். அந்தக் கட்டத்தில் பார்வையை மீட்க முடியாது. அம்மை வார்த்த குழந்தைகளிடம், குறிப்பாகத் தட்டம்மைக்குப் பிறகு, இது வேகமாக வரும்.

தடுப்புக்கு அரசு கொடுக்கும் அளவு எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 9-வது மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், அதாவது 1 மி.லி. 16 முதல் 18 மாதத்தில் 2 லட்சம் யூனிட், அதாவது 2 மி.லி. பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே 2 மி.லி. மொத்தம் ஒன்பது தவணை. முதல் இரண்டைத் தடுப்பூசியோடு போட்டுவிடுகிறார்கள். விட்டுப்போவது அதற்குப் பிறகு வருபவைதான், ஊசி இல்லையென்றால் அங்கன்வாடிக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப்போக யாருக்கும் நினைவு வருவதில்லை. மருந்து பாட்டிலோடு வரும் கரண்டியில் பாதிக் கோடு 1 மி.லி., விளிம்பு வரை 2 மி.லி. வீட்டு ஸ்பூனில் ஊற்றினால் அளவு தப்பும். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் இந்த மருந்து வீரியம் இழக்கும். திறந்த பாட்டிலை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும், திறந்த தேதியை லேபிளில் எழுதி வைக்க வேண்டும்.

குறைபாடு வந்துவிட்ட ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மருத்துவர் கொடுப்பது அன்றைக்கு 2 லட்சம் யூனிட், மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை பாதி அளவு, அதற்கும் கீழே கால் அளவு. கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் மாலைக்கண்ணுக்காக இந்தப் பெரிய அளவைக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் சிசுவின் உறுப்புகள் பாதிக்கப்படலாம். அவர்களுக்குத் தினசரிச் சிறு அளவுதான், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் அதிகமானது சிறுநீரில் போகாது, ஈரலில் தங்கும். பெரியவர்களுக்கு ‘கண்ணுக்கு நல்லது’ என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது தலைவலியிலும் ஈரல் பாதிப்பிலும் முடியலாம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. முதுநகர் மீன் சந்தையில் கிடைக்கும் மீன் ஈரல், ஆட்டு ஈரல், முட்டை மஞ்சள் கரு, பால் ஆகியவற்றில் வைட்டமின் ஏ நேரடியாக இருக்கிறது. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் ஆகியவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். உடல் அதை மாற்றிக்கொள்ள வேண்டும், அதனால் அளவு பல மடங்கு தேவைப்படும், எண்ணெய் சேராமல் சரியாக உறிஞ்சப்படவும் செய்யாது. கீரையைத் தாளிக்காமல் வெறுமனே வேகவைத்துக் கொடுப்பதில் பயன் குறைந்துவிடும். வெயிலில் காயவைத்துப் பொடியாக்கினால் கரோட்டின் சிதையும், நிழலில் உலர்த்த வேண்டும். கேரட் சாப்பிட்டால் கண்ணாடி கழன்றுவிடும் என்பது மட்டும் உண்மையில்லை. கிட்டப்பார்வை விழியின் நீளத்தால் வருவது, நிறமிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாப்பாடு சரியாக இருந்தும் வைட்டமின் ஏ குறையும் பெரியவர்கள் உண்டு. நாள்பட்ட கணைய அழற்சி, மதுவால் கெட்ட ஈரல், குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கொழுப்பு உறிஞ்சப்படாவிட்டால் வைட்டமினும் உறிஞ்சப்படாது. நாற்பது வயதில் புதிதாக மாலைக்கண் வந்தால் ஈரலையும் கணையத்தையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வைட்டமின் ஏ குறைபாட்டால் வந்த மாலைக்கண்ணுக்கு ஓர் அடையாளம்: சரியான அளவு மருந்து உள்ளே போனால் ஓரிரு நாளிலேயே இருட்டில் தெரிய ஆரம்பிக்கும். ஆப்சின் தயாராகக் காத்திருக்கிறது, ரெட்டினால் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. மூன்றாம் தவணையும் முடிந்து மாற்றமே இல்லையென்றால் பழுது வேறிடத்தில். அதற்குப் பிறகும் மாத்திரையைத் தொடர்வது தவறு.

அந்த வேறிடம் பெரும்பாலும் மரபணு. ரோடாப்சினையோ, சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியையோ, ஆர்பிஇ65-யையோ உருவாக்கும் மரபணு பழுதாக இருந்தால் குச்சிகள் ஒவ்வொன்றாக மடியும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று மருத்துவர்கள் எழுதுவது இந்த நோய்க்குடும்பத்தைத்தான். உலக அளவில் ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. காரணமான மரபணுக்கள் 80-க்கும் மேல். முதலில் இருட்டுப் பார்வை போகும். பிறகு பக்கவாட்டுப் பார்வை வளையமாகச் சுருங்கும். குச்சிகள் அடர்த்தியாக இருந்த அதே வளையம்தான். நடுக்குழிக் கூம்புகள் கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் முப்பது, நாற்பது வயது வரைகூட 6/6 படிக்கலாம். பிறகு கூம்புகளும் மடியும், ஏனென்றால் அவை உயிரோடிருக்கத் தேவையான ஒரு புரதத்தைக் குச்சிகள்தான் சுரந்து கொடுத்துக்கொண்டிருந்தன.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை, எட்டுப் பத்து வயதில் சாயங்காலம் தடுக்கி விழ ஆரம்பித்தால் அஷர் நோய்க்குறியா என்று உடனே பார்க்க வேண்டும். காதும் விழித்திரையும் ஒரே மரபணுப் பழுதால் பாதிக்கப்படுவது அது. காது கேளாதோர் பள்ளிகளில் பலகைச் சோதனையோடு நிறுத்துவது மற்ற பள்ளிகளைவிடப் பெரிய இழப்பு. சைகையைக் கண்ணால் படித்து வாழும் பிள்ளைக்குக் கண்ணும் சுருங்குகிறது என்பதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால்தான் படிப்பையும் பயிற்சியையும் அதற்கேற்ப அமைக்க முடியும்.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுப்பது நம் பக்கத்தில் இன்னும் வழக்கம். பழுதான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குப் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து அதே பழுதைக் கணவனும் மனைவியும் பெற்றிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்காவது மாலைக்கண் இருந்தால் சம்பந்தம் பேசுவதற்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். தாயைக் குற்றம் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் இந்த வகை நோய் வரும் என்பதை அந்த வீடுகளில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எந்த மரபணு என்று கண்டறிவதில் இன்று பயனும் உண்டு. ஆர்பிஇ65 பழுதுக்கு மட்டும் ஒரு மரபணு சிகிச்சையை அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதித்தது. நல்ல பிரதியை ஒரு வைரஸில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அறிவித்த விலை 8.5 லட்சம் டாலர், நம் மக்களுக்கு எட்டாத உயரம். மற்ற மரபணுக்களுக்கு அது பயன்படாது. செல்கள் உயிரோடு இருக்கும்போதுதான் அதுவும் வேலை செய்யும். ஸ்டெம் செல், மூலிகைச் சொட்டு என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்களை நம்பி நிலத்தை விற்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன். விழித்திரையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் ரத்தக் குழாய்கள் கண்டபடி முளைக்கும்போது லேசர் வைக்கிறார்கள். வழக்கமாக ஒரு கண்ணுக்கு 1200 முதல் 1600 புள்ளிகள். ஓரத்திலுள்ள குச்சிகள் நிறைந்த பகுதியைச் சுட்டு, ஆக்சிஜன் தேவையைக் குறைத்து, நடுப்பார்வையைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். அதற்குப் பிறகு இருட்டில் தெரிவது குறைந்தால் லேசரைத் தப்பாக வைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் இதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும், பைக் ஓட்டிப் பிழைப்பவருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்புரை, கண்ணழுத்த நோய், அளவு போதாத கிட்டப்பார்வைக் கண்ணாடி இவையும் இரவில் தடுமாற வைக்கும். இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

முன்பெல்லாம் விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை தடுமாறுவதைத் தாய் கவனித்துவிடுவாள். இன்று தெருவெல்லாம் எல்இடி, வீடெல்லாம் டியூப்லைட். குச்சிகள் வேலை செய்யாத குழந்தையும் கூம்புகளை வைத்துக்கொண்டு சமாளித்துவிடும். தானே புயல் 2011-இலும் ஃபெஞ்சல் 2024-இலும் இந்தக் கரையை அடித்தபோது மின்சாரம் போனது போன்ற இரவுகளில்தான் குறை வெளியே தெரியும். அதனால் கேட்டால்தான் தெரியும் என்ற நிலைமை.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி, அதுவும் தாயிடம். பகலில் பார்ப்பதில் குழந்தைக்குச் சிரமம் உண்டா? பொழுது சாய்ந்த பிறகு சிரமம் உண்டா? இருட்டில், அதே வயதுப் பிள்ளைகளைவிட இவன் அதிகமாகத் தடுமாறுகிறானா? முதலாவதுக்கு இல்லை, மற்ற இரண்டுக்கும் ஆமாம் என்றால் அந்தப் பிள்ளையை விழித்திரைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், பலகையில் 6/6 வந்திருந்தாலும். மாடிப்படியில் கடைசிப் படியைக் காலால் துழாவுவது, சாயங்காலம் கொல்லைப்புறம் போக மறுப்பது, பந்தை ஆறு மணிக்கு மேல் பிடிக்க முடியாமல் போவது, திரையரங்கில் இருக்கை வரை தோளைப் பிடித்துக்கொண்டு வருவது, இவையெல்லாம் பயந்த சுபாவம் என்று தள்ளிவிடக் கூடாதவை.

பக்கவாட்டுப் பார்வையை ஆசிரியரே சோதிக்கலாம். பிள்ளைக்கு எதிரே ஒரு மீட்டர் தூரத்தில், கண்கள் ஒரே உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். பிள்ளை இடது கண்ணைப் பொத்த, நீங்கள் வலது கண்ணைப் பொத்துங்கள். பிள்ளை உங்கள் திறந்த கண்ணையே பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுத்தூரத்தில், வெளியிலிருந்து உள்ளே, விரலை அசைத்துக்கொண்டே கொண்டுவாருங்கள். மேல், கீழ், இடம், வலம், நான்கு மூலை. உங்களுக்குத் தெரிந்து வெகுநேரம் கழித்துப் பிள்ளைக்குத் தெரிந்தால் புறப்பார்வை சுருங்கியிருக்கிறது. பிள்ளையின் கண் விரலைத் தேடி ஓடிவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் வராது, மறுபடி செய்யுங்கள். ஒரு கண்ணுக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் ஈஆர்ஜி சோதனை எழுதிக் கொடுக்கலாம். வெளிச்சத்துக்கு விழித்திரை தரும் மின் பதிலை அளப்பது அது. கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, குறைந்தது 20 நிமிடம் முழு இருட்டில் உட்கார வைப்பார்கள். அந்த இருட்டில் காட்டும் மிக மங்கலான மின்னலுக்குக் குச்சிகள் மட்டுமே பதில் சொல்லும். காத்திருக்கும்போது செல்போன் திரையைப் பார்த்துவிட்டால் ரோடாப்சின் மறுபடி வெளுத்து அளவு தவறிவிடும். சொட்டின் மங்கல் நான்கு முதல் ஆறு மணி நேரம் இருக்கும். தனியாக வண்டியில் போகாதீர்கள்.

ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல் ‘மாலைக்கண் உண்டா’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை இல்லை என்று பழக்கத்தில் டிக் அடித்துவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வண்டி எடுப்பவர்கள் தங்களையும் எதிரே வருபவர்களையும் ஆபத்தில் வைக்கிறார்கள். பதினெட்டு வயதில் படிவத்தில் கேட்பதை ஆறு வயதில் பள்ளியில் கேட்கலாம். இரு மாவட்டச் சுகாதார, கல்வி அலுவலர்களும் வரும் முகாம்களில் இந்த மூன்று கேள்விகளையும் விரல் சோதனையையும் பலகையோடு சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும். செலவு எதுவும் இல்லை.

இன்னொன்று, சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை இருந்தால் குறைபார்வை, 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை. 6/6 படிக்கும் ஒருவர்கூட இதன்படி உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் விண்ணப்பிக்கத் தகுதி பெறலாம். ‘பலகை நல்லாப் படிக்கிறியே’ என்று முகாமில் திருப்பி அனுப்பினால் பார்வைப் பரப்பை அளக்கும் பெரிமெட்ரி சோதனை செய்து டிகிரி அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த அறிக்கையின் அசலையும் இரண்டு நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
கண் மருத்துவ உதவியாளர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.